ஈரச் சோஃப்கா

மே பன்னிரண்டில் பங்கிராத்சி வருவான்,
மறுநாள் செர்வாத்சி,
அதற்கடுத்து போனிஃபாத்சி.
மூவரும் புனிதர்கள். மூவருக்கும் உறைபனி மூச்சு.
நான்காம் நாள் வருகிறவள் சோஃபியா.
பாதிரியார் எதிரில் அவளை
மழைக்காரி என்பார்கள்.
லியூத்தோமெர் திராட்சைக் குன்றுகளில் பேச்சு வேறு:
மூத்திரக்காரி சோஃப்கா.

நான் பிறந்தது மே பதினைந்து.
பெயருக்காக அப்பா அதிகம் யோசிக்கவில்லை.
நாற்பத்தாறு வருஷமாகப்
பிறந்தநாள்தோறும் எவனாவது
குடை விரித்து வாசலில் நிற்கிறான்,
வானம் வெளுத்துக் கிடந்தாலும்.

இந்த வருஷம் பன்னிரண்டாம் தேதி இரவு
குன்றெங்கும் புகை.
ஈர வைக்கோலை மூட்டிவிட்டு
ஓட்மார் வேலிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தான்.
பனி வரவில்லை.
பதின்மூன்றிலும் வரவில்லை.
பதினான்கில் வைக்கோல் தீர்ந்து
பழைய சோபாவை எரித்தான்.
திரைச்சீலையில் அந்த நாற்றம் இன்னும் இருக்கிறது.

பதினைந்தில் மழை, குடை, கேக்.
எல்லாம் முறைப்படி.
இனிப் பயமில்லையென்று மறுநாளே
தக்காளி நாற்று நட்டேன், முப்பத்தெட்டு.
இந்த வருஷக் குயில்
அப்போதுதான் என் காதில் விழுந்தது.
முதல் கூவலுக்குப் பையில் சில்லறை குலுங்கினால்
வருஷம் முழுக்கப் பணம் தங்குமாம்.
என் பையில் டிராக்டர் சாவி.
இருக்கட்டுமென்று அதைக் குலுக்கினேன்.

இருபத்தொன்று. செவ்வாய்க்கிழமை.
யாரும் பயப்படச் சொல்லாத ஒரு தேதி.
விடியலில் காலடியில் புல் நொறுங்கியது.
முப்பத்தெட்டும்
வெந்த கீரையாய்த் துவண்டு கறுத்திருந்தன.

யெரிட்சா மட்டும்
நாற்றுக்குப் போர்த்திய பழைய தேர்தல் பதாகையை
எடுக்கச் சோம்பி விட்டிருந்தாள்.
தோற்ற வேட்பாளனின் பல்வரிசைக்குக் கீழே
அவள் தக்காளி கொழுகொழுவென்று.

"உன் பெயர்க்காரி கழுத்தறுத்துவிட்டாள்"
என்றான் ஓட்மார், கருகிய தளிரை விரலில் உதிர்த்தபடி.
அவள் தன் நாளில் வந்தாள், நனைத்தாள், போனாள்.
அதற்குப் பிறகு நடந்ததற்கு
அவளா பொறுப்பு?
கத்திவிட்டேன்.
யாருக்காகக் கத்தினேன் என்று
பாத்திரம் கழுவும்போதுதான் யோசித்தேன்.

இருட்டியபின் யெரிட்சா
வேலிமேல் பன்னிரண்டு நாற்று நீட்டினாள்.
"நன்றி சொல்லிவிடாதே, வேர் பிடிக்காது."
சொல்லவில்லை.
வாயை இறுக மூடிக்கொண்டு வாங்கினேன்,
திட்டு வாங்குகிறவள் போல.

ஜூன் எட்டு மெடார்டு நாள்.
அன்று தூறினால் நாற்பது நாள் விடாதாம்.
தூறட்டும்.
பிறந்தநாளுக்கு வந்தவர்கள் மறந்துபோன குடைகள்
கதவிடுக்கில் பதினொன்று இருக்கின்றன.