கணக்கில் சேராத இரைச்சல்

இரவு பத்து இருபது.
ஹப்புத்தளை முகடு பனிக்குள் போய்விட்டது.
தெருவிளக்கு இருக்கிற இடம்
ஞாபகத்தில்தான் இருக்கிறது.

திரையில் சின்னதாய் ஒரு வேன் படம்.
பக்கத்தில் திலகராஜின் அழைப்புக்குறி,
அதன் வாலில் ஓர் ஒன்பது.
ஒன்பது என்றால் ஓடுகிற வண்டி.

நானும் அவனும் ஒரே வருடம் கொழும்புக்குப் போய்
பரீட்சை எழுதினோம்.
உரிமக் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து
பதினாறு நாள் மேசையில் கிடந்தன.
லயத்துக்குக் கதவிலக்கம் இல்லை,
தபால்காரர் மேலே ஏறுவதும் இல்லை.
இப்போது அவன் வேன்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
தன் விலாசத்தைத் தானே சொல்கிறது:
வடக்கே ஆறு பாகை, இத்தனை கலை,
கிழக்கே எண்பது பாகை, இத்தனை கலை.
பால்மா டின்னுக்குள் நாங்கள் பற்றவைத்த கருவி அது.

காதுக்கு, பழஞ்சீலை கிழிகிற சத்தம்.
அரை வினாடிதான்.
அதற்குள் இடம், திசை, வேகம், உயரம்
எல்லாம் மடித்து வைத்திருக்கும்.

இன்றைக்கு வேனில் அந்தோனியம்மா.
பீலியடிப் பாசியில் சறுக்கி
இடது கால் முறிந்து
கொஸ்லந்தைப் பக்கமிருந்து மேலே வருகிறாள்.
தியத்தலாவை ஆஸ்பத்திரி வரைக்கும்
மழை, வளைவு, மழை.

இருபத்திரண்டு. வந்தது.
இருபத்துநான்கு. இல்லை.
இருபத்தாறு. இல்லை.
பெரகலைக்குக் கீழே அந்தப் படம்
ஆணியடித்த மாதிரி நிற்கிறது.
அது நிற்கிறதா,
நான் கேட்காமல் நிற்கிறேனா,
படத்துக்குத் தெரியாது.

இரைச்சல் அடக்கியை முழுக்கத் திறந்தேன்.
அறை நிறைய மழை பெய்தது,
வெளியே ஒன்று, பெட்டிக்குள் ஒன்று.
இருபத்தெட்டில், அந்த மழைக்கு அடியில்,
ஒரு கிழிசல்.
மெல்லிசாக. ஆனால் அவனுடையது,
சத்தியமாக அவனுடையது.

கணினி ஒன்றும் வரவில்லை என்றது.
ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும்
ஒரு சரிபார்ப்பு எண் உண்டு.
ஓர் எழுத்துப் பிசகினாலும்
முழுசையும் எறிந்துவிடும்,
ஒரு முற்றல் இலைக்காகக்
கூடையையே கொட்டச் சொல்கிற
கணக்கப்பிள்ளை மாதிரி.

மைக்கை எடுத்து ஹல்துமுல்லை ஹேமபாலவைக் கூப்பிட்டேன்.
அவர் பெட்டி விடிய விடிய திறந்திருக்கும்.
நான் அவர் மொழியைப் பிழையாகப் பேசுவேன்,
அவர் என் மொழியை.
இலக்கங்களில் மட்டும் இரண்டு பேரும் பிழை விடுவதில்லை.

அவருக்கு ஒன்று முழுசாகக் கிடைத்திருந்தது.
"வேகம் சைபர்" என்றார்.

சைபர்.
டீக்கு நிறுத்தினாலும் சைபர்,
மண் சரிந்து வழி அடைத்தாலும் சைபர்,
மூன்று உருளல் உருண்டு
பள்ளத்தில் மல்லாந்தாலும் சைபர்தான்.

"உயரம்? உயரத்தச் சொல்லுங்க."
காகிதம் புரட்டுகிற சத்தம் காற்றில் வந்தது.
"ஆயிரத்து நாற்பது மீற்றர்."

போன வாரப் பதிவைத் தேடினேன்.
அதே வளைவு, அதே வேன், நல்ல வெயில் நாள்:
ஆயிரத்து முப்பத்தெட்டு.

இரண்டு மீற்றர் பிசகுவது செய்மதிக்கு வழக்கம்.
பள்ளத்துக்கு அது போதாது.
ரோட்டில்தான் நிற்கிறான்.
நாற்காலியில் சாய்ந்தபோதுதான்
இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

பத்து ஐம்பத்தொன்றுக்குப் படம் நகர்ந்தது.
பதினொன்று பத்துக்கு என் வாசலைக் கடந்தான்.
பனிக்குள் மஞ்சளாய் இரண்டு கறை.
ஹோர்ன் அடிக்கவில்லை,
பெட்டி மட்டும் காது கிழியச் சீறியது.

பதிவேட்டில் அந்த இருபத்தெட்டாம் நிமிடம் வெறுமை.
பென்சிலால் எழுதினேன்: கேட்டது.

காலையில் போன் எடுத்துச் சொன்னான்:
பின்சக்கரம் போய்விட்டதாம்.
ஜாக்கி சேற்றில் இறங்க இறங்க
கல் பொறுக்கிப் போட்டு மாற்றினானாம்.
டோர்ச் பிடித்தது யார் என்றேன்.
அந்தோனியம்மாதானாம்,
படுத்தபடியே, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி.
வேணாம் என்று இவன் சொன்னதற்கு
"கால்தானடா ஒடஞ்சது" என்றாளாம்.