நாற்பத்தொன்று

ஐசிஎஃப் ஷெல் ஷாப்பில்
வெல்டிங் குறைகளை எண்ணி எழுதிப் பழகிய கை.
இப்போது அயனாவரம் வீட்டில்
இரவு ஒன்பதுக்கு, சமையலறை வாசலில் உட்கார்ந்து
யுகேந்திரன் சுவரில் தலையை மோதியதை
எண்ணி எழுதுகிறது.

பிரிஸில்லா மேடம் தந்த தாளில் மூன்று கட்டம்.
முன்னால் என்ன நடந்தது,
அவன் என்ன செய்தான்,
பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்.
மூன்றாவதில்தான் பேனா நிற்கிறது.

செவ்வாய்: மிக்ஸி. மோதல் பதினொன்று. ஹேமா மிக்ஸியை அணைத்தாள்.
புதன்: தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது. மணிக்கட்டைக் கடித்தான். போனைக் கொடுத்தேன்.
வியாழன்: ஒன்றுமில்லை. மோதல் ஒன்பது.

அந்த 'ஒன்றுமில்லை'யைச் சுழித்து
"நல்லாக் கேட்டுப் பாருங்க சார்" என்று எழுதியிருந்தார்.
கேட்டேன்.
மாடி ஏசித் தண்ணீர்
தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.
எட்டு வருஷமாக இதே வீடு.

மோதினால் இனி போன் கிடையாது.
பதிலாக ஒரு மஞ்சள் அட்டை: 'போதும்.'
அதை நீட்டினால் எதுவானாலும் உடனே நிற்க வேண்டும்.
மிக்ஸி இரண்டு நொடி. அட்டை. நிறுத்து.
ஐந்து நொடி. அட்டை. நிறுத்து.
தேங்காய்ச் சட்னி அரைபட
ஒரு மாசம் ஆனது.

"முதல்ல கூடும் சார், பயந்துடாதீங்க."
கூடியது.
ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்று.
பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி
"பையனை அடிக்கிறீங்களா?" என்றார்.
இருபத்திரண்டு வயசு, எண்பத்து நாலு கிலோ.
அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில்
என் உள்ளங்கையை வைத்திருந்தேன்.
அதையும் எழுதணுமா என்று கேட்டேன்.
எழுதுங்க என்றார்.

ஞாயிறு, ஹேமாவின் அண்ணன் வந்தார்.
மூலிகை எண்ணெய், ஒரு கோயில், இன்னொரு கோயில்,
சின்ன வயசிலேயே கண்டித்திருந்தால்...
யுகி உள்ளே போனான்.
திரும்பி வந்து
மாமா மடியில் மஞ்சள் அட்டையை வைத்தான்.
அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.
ஹேமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
காபி போடப் போய்விட்டாள்.

முன்னால்: மாமா பேசினார்.
செய்தது: அட்டை.
பிறகு: நின்றது.

அன்று இரவும் மோதல் ஆறு.
காரணம் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மணி இரண்டு.
தகரத்தில் சொட்டுகிறது.
இப்போதெல்லாம் எனக்கும் கேட்கிறது,
ஒவ்வொன்றாக.
அட்டை
அவன் தலையணைக்கடியில் இருக்கிறது.