ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்

ஐஸ் கம்பெனி இல்லை.
நான் மனாமாவுக்கு வந்த வருடமே இல்லை.
அந்த இடத்தில் அப்போது கார் நிறுத்தினார்கள்,
பிறகு எலக்ட்ரிக் கடை, பிறகு சலூன்,
இப்போது கண்ணாடி போட்ட பல் ஆஸ்பத்திரி.
ஆனாலும் குதைபியாவில் எங்கள் சந்து எது என்று கேட்டால்
மலையாளி, பட்டாணி, பெங்காலி, நாங்கள்,
எல்லோர் வாயிலும் ஒரே பதில்:
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்.

குஞ்ஞிமொய்துவின் கோல்டு ஸ்டோரில்
தண்ணீர் கேன் சுமக்கிறவன் நான்.
எந்த மாடிப்படியில் ஓடு உடைந்திருக்கிறது என்று
இருட்டிலும் என் கால் சொல்லும்.
பற்று நோட்டில் பெயர் எழுதுவதில்லை.
மூணாம் மாடி இருமல்.
பச்சைக் கதவு.
தூத்துக்குடி மெஸ்.
சம்பளம் பிந்தும் மாதங்களில்
நோட்டு கொழுக்கும், மொய்து மெலிவார்.

கழுதை வண்டியில், சாக்குச் சுற்றி
பாளம் பாளமாய் ஐஸ் போகுமாம்.
பிள்ளைகள் பின்னால் ஓடி
சொட்டுகிற நீரைக் கையில் ஏந்துவார்களாம்.
டி.வி. ரிப்பேர் ஜாஃபர் சொன்னது.
அவனும் பார்த்ததில்லை, அவன் அப்பா பார்த்தாராம்.
அவன் இந்தியும் என் அரபியும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
கழுதை சில நாள் ஒட்டகமாகிவிடும்.
நான் திருத்துவதில்லை.

மொஹரம் பத்து நாளும் சந்தில் கறுப்புத் துணி ஏறும்.
மாத்தத்திலிருந்து தேக்சா தேக்சாவாய்ச் சோறு வரும்.
தட்டோடு நிற்போம். நீ யார் என்று
ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.
டிசம்பரில் மெஸ் வாசலில் அந்தோணிராயப்பன் கட்டும்
காகித நட்சத்திரத்துக்குக் கரண்டு
ஜாஃபர் கடையிலிருந்துதான் போகிறது.

நீலத் தகடு ஒன்றும் உண்டு, சுவரில்:
கட்டிடம், சாலை, பிளாக்.
பாதியை வெயில் தின்றுவிட்டது,
மீதியை ஏசிப் பெட்டி மறைத்துவிட்டது.
அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்?

ஆகஸ்டு, ராத்திரி இரண்டு மணி.
சுவரைப் பிடித்தபடி இபுறாம்சா உட்கார்ந்தார்.
நெஞ்சு, என்றார். அப்புறம் பேச்சில்லை.
போனில் ஒரு பெண்குரல், இருபது வயது இருக்கும்:
கட்டிட எண்? சாலை எண்?
அறையில் எட்டுப் பேர்.
எட்டுப் பேருக்கும் ஊரில் வீட்டுக் கதவிலக்கம் தெரியும்,
கீழக்கரைக்காரர் பின்கோடு வரை ஒப்பிப்பார்.
தூங்கி எழுகிற இந்தக் கதவின் எண்
ஒருவருக்கும் தெரியவில்லை.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், என்று கத்தினேன்.
எந்த ஐஸ் கம்பெனி, என்றது குரல்.

எந்த ஐஸ் கம்பெனி.

அந்தோணிராயப்பன் தோளில் ஏறினேன்.
போன் வெளிச்சத்தை ஏசிக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்தேன்.
மேலிருந்து நீர் சொட்டியது, கண்ணில், வாயில்.
ஒன்றா ஏழா தெரியவில்லை.
விரலால் தடவிப் படித்தேன்.
ஏழு.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கியபடி
நரைத்த டிரைவர் சந்தைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார்:
அட, ஐஸ் கம்பெனிச் சந்து!
எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சுற்றினேனே.

இபுறாம்சா பிழைத்தார்.
ஆறாம் நாள் வந்து பீடி கேட்டார், கொடுக்கவில்லை.
மொய்து பற்று நோட்டின் முதல் பக்கத்தில்
மூன்று எண்களையும் பெரிதாய் எழுதி வைத்தார்.
எல்லோரும் மனப்பாடம் செய்தோம், நான் முதலில்.

நேற்று ஒரு நேபாளிப் பையன், புதுசு,
கழுத்தில் இன்னும் விமானத் தலையணை.
முனையில் நின்று போனில் யாருக்கோ
எங்கே நிற்கிறான் என்று சொல்ல வேண்டியிருந்தது.
என்னைப் பார்த்தான்.
எண்கள் நாக்கில் நின்றன,
பல் ஆஸ்பத்திரி கண்முன் நின்றது.
அவன் காத்திருந்தான்,
பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தபடி.