திறந்த தேதி

பதினோரு நாள் பேச்சில்லாத வீட்டில்
முதல் சொல்
"அமுக்கு".

பத்மினியின் இடது பின்சக்கரத்தடியில்
சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறேன்.
கொம்பையா மேலே, பெடலில் கால் வைத்து.
மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரம்தான் முதலில்.
கிட்டத்தில் இருப்பது கடைசி.

காரையாரிலிருந்து இறங்கும்போது
பெடல் பஞ்சாய்ப் போனது.
சொரிமுத்தையனார் கோயில் தாண்டி ஒரு வளைவு,
முன்னால் மினி பஸ், அதன் பின்கண்ணாடியில்
யார் பெற்ற பிள்ளையோ
எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.
அவன் கால் தரை வரை போய்
தரையிலேயே நின்றது.
இரண்டாம் கியர், முதல் கியர், கைபிரேக்,
மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றோம்.
"ரெண்டு வருசமாச் சொல்லுதேன்" என்று
நான் சொல்லவில்லை.
சொல்லாததை அவன் கேட்டுவிட்டான்.
அரைமணி ஆறவிட்டதும் பெடல் தானே திரும்பி வந்தது,
ஒன்றும் நடக்காததுபோல.
எனக்கு அதுதான் பயம்.

பிரேக் ஆயில் என்கிறோம்.
அது ஆயிலே இல்லை.
எண்ணெய் தண்ணீரைத் தள்ளி நிற்கும்;
இது கூப்பிட்டு உட்காரவைக்கும்.
மூடியின் மூச்சுத்துளை வழியே, ரப்பர் குழாயின் தோல் வழியே
ஆனி ஆடிச் சாரலைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கும்.
மலையிறக்கத்தில் டிரம் சுடும்போது
குடியிருந்த தண்ணீர் கொதிக்கும்.
ஆவியை மிதித்தால்
நசுங்குமே தவிர எதையும் தள்ளாது.

அலமாரி மேல்தட்டில் அவன் பத்திரப்படுத்திய பாதிப் பாட்டில்
திறந்த பின் இரண்டு சாரல் பார்த்திருந்தது.
குறையும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றினான்.
எங்கே போய்க் குறைகிறது என்று
நானும்தான் குனிந்து பார்க்கவில்லை.

வண்ணார்பேட்டையில் மைதீன் பிச்சை பாய் கேட்டார்,
"மூணா, நாலா?
இந்த வண்டிக்கு மூணு போதும். மலை ஏறுதியளா?
அப்பம் நாலு ஊத்துங்க, ரெண்டும் சேரும்.
அஞ்சு மட்டும் எவன் சொன்னாலும் வாங்காதிய.
அது வேற சாதி. கலந்தா சங்கடம்."
கவுண்டரின் இரண்டு முனையில் நின்ற நாங்கள்
ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.
எங்கள் ரிஜிஸ்தர் கல்யாணத்துக்குச்
சாட்சிக் கையெழுத்துப் போட்ட மனுசர்
பில் எழுதும் பேனாவைத் தூக்கிப் பிடித்து,
"நான் ஆயிலச் சொன்னேம்மா" என்றார்.

"அமுக்கு."
"அமுக்கியாச்சு."
நிப்பிளைக் கால் திருகு திறக்கிறேன்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காலாவதியான சலைன் குழாயில்
கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வருகிறது.
நடுநடுவே குமிழி.
யாருடைய நரம்புக்குள்ளும் ஒன்றுகூடப் போய்விடாமல்
இருபது வருடம் சுண்டிச் சுண்டி வெளியேற்றிய விரல்.
"இறுக்கிட்டேன். பைய விடு."
"விட்டாச்சு."
முந்தி விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
அதனால் ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது,
கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.
"அமுக்கு."
"ம்."
"ம் இல்ல. வாயத் தொறந்து சொல்லு. பிடிச்சிருக்கா?"
"பிடிச்சிருக்கு."

நிப்பிளைத் திறந்த பிறகுதான்
என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது.
மேலே சத்தமில்லை.
தேவைக்கு அதிகமாகவே ஒழுகவிட்டேன்.

டப்பாவை நிரப்ப ஒரு தடவை மறந்தான்,
காற்று புகுந்து முதல் சக்கரத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம்.
நாலாவது முடிய விளக்குப் போடும் நேரம்.
மட்கார்டில் சிந்திய சொட்டு
ஐந்து ரூபாய் அகலத்துக்குப் பெயின்டைத் தின்றிருந்தது.
உடனே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.
வேறு யோசனையில் இருந்துவிட்டோம்.

பெடல் பாதியிலேயே கல்லாய் நின்றது.
டப்பாவில் பிளாஸ்திரி ஒட்டி
இன்சுலின் குப்பிக்கு எழுதுவதுபோலத்
திறந்த தேதி எழுதினேன்.
மிச்சப் பாட்டிலை மேல்தட்டுக்கு எடுத்துப்போனவன்
பாதியில் நின்று என்னைப் பார்த்தான்.
திரும்பி வந்து
கழிவு ஆயில் கேனுக்குப் பக்கத்தில் வைத்தான்.
"முன்னூத்தி இருவது ரூவா" என்றான்.

ஒரு நல்ல சண்டைக்கு
அது போதும்.