அலைக்குப் பத்து நிமிடம்

காலை ஆறரைக்கு நான் முதலில் பார்ப்பது கடலை அல்ல,
குளோரினை.
கண்ணாடிக் குழாயில் ஐந்து துளி விட்டுக் குலுக்கினால்
தண்ணி மஞ்சளாகும்.
நல்லெண்ணெய் மஞ்சள் என்றால் கூடிப்போச்சு,
எலுமிச்சைத் தோல் என்றால் சரி.
அதைக் கொப்பியில் எழுதி ஒப்பம் வைத்த பிறகுதான்
சறுக்குக் கோபுரத்தின் பூட்டைத் திறப்பான் கஜரூபன்.

அலம்பிலுக்கும் செம்மலைக்கும் இடையில்
நானூறு அடி மணல்.
ஒஸ்லோவிலிருந்து வந்த காசு,
கண்டியிலிருந்து வந்த எஞ்சினியர்,
மூன்று திணைக்களத்து முத்திரை,
மிதிவெடி இல்லை என்று ஒரு கடுதாசி.
கிணறு தோண்டினோம். பதினெட்டாம் அடியில் உவர்.
தள்ளித் தோண்டினோம். அதுவும் உவர்.
இப்போது முள்ளியவளையிலிருந்து பவுசர் வருகிறது,
நாளுக்கு நாலு தரம்.
கடலின் காலடியில் நின்றுகொண்டு
தண்ணியை விலைக்கு வாங்குகிற சனம்
நாங்களாய்த்தான் இருப்போம்.

கரைவலைச் சங்கம் வந்து மறித்தது.
பாட்டுக்குப் போற பாதை எங்கே என்று
சம்மாட்டி விக்டோரியன்
வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டார்.
எஞ்சினியர் அந்த விரலையே அளந்தார்.
அதன் அகலம் பன்னிரண்டு அடி.
அவ்வளவையும் விட்டோம்.
சோளகக் காலத்தில்
அலைக்குளத்துக்கும் சறுக்குக்கும் நடுவால்
ஈரவலை தோள்களில் ஏறிப் போகும்.
ரப்பர் வளையத்தில் மிதக்கிற பிள்ளைகள் கை காட்டுவார்கள்.
சிலவேளை ஒரு சூடை வழுகி உள்ளே விழும்.
வடிகட்டியில் செதிள் பொறுக்குவதும் என் வேலைதான்,
நியமனக் கடிதத்தில் அது இல்லை.

ஞானசீலி வந்தது பங்குனியில் ஒரு செவ்வாய்.
செவ்வாய் பெண்களுக்கு அரை ரிக்கெற்.
நைற்றிக்கு மேல் துவாயைப் போர்த்தபடி
மோட்டர் அறை யன்னலுக்கு வந்தா.

தம்பி, அலை எவ்வளவு உயரம்?
இரண்டடி ஒன்பது அங்குலம், அக்கா.
எவ்வளவு நேரம்?
பத்து நிமிடம். பிறகு இருபது நிமிடம் ஓய்வு.
அதுக்குள்ள திரும்பி வராதோ?
சங்கு ஊதாமல் வராது.
கரண்ட் போனா?
நின்றிடும்.
வர முதல் தண்ணி பின்னுக்கு இழுபடுமோ?

நான் கொப்பியை மூடினேன்.
இல்லை அக்கா, என்றேன்.
இது இழுபடாது.

கள்ளப்பாட்டில் அவவின் வீடு
கடலுக்கு முதுகு காட்டி நிற்குதாம்.
கிழக்கே ஒரு யன்னல்கூட இல்லையாம்.
கஜரூபன் சொன்னான், நான் கேட்கவில்லை.

முதல் செவ்வாய் கணுக்கால்.
அடுத்தது முழங்கால், சட்டென்று எழும்பிப் போனா.
பிறகு ஒரு கிழமை வரவேயில்லை.
பிறகு இடுப்பு,
பக்கத்தில் புதுக்குடியிருப்புப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
கத்திக் குதித்துக்கொண்டு.

சித்திரை முடிகிற நேரம்
ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றா.
நிறுத்திற பொத்தான் எது?
சிவப்பு.
நான் அமத்தட்டோ?

மனேச்சர் ரிக்கெற் கூட்டில் இருந்தார்.
அலை தொடங்கி நாலாம் நிமிடம்.
நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன்.

ஒரு விரலால் அல்ல,
உள்ளங்கை முழுதாலும் அமத்தினா.
காற்றாடி முனகி ஓய்ந்தது.
ஆனாலும் அலை உடனே நிற்காது,
சுவரில் பட்டுப் பட்டுத் தேயும்.
கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினா.
நாலாவது வரவில்லை.
பிள்ளைகள் கூவினார்கள்.
அந்தக் கூச்சலுக்கும் அப்பால், மதிலுக்கு வெளியே,
மற்றது தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
அதையும் கொஞ்சம் எண்ணிப் பார்த்தா,
பிறகு விட்டுட்டா.

கொப்பியில் எழுதினேன்:
பதினொன்று இருபத்துநாலு, அலை நிறுத்தம்.
காரணம்: மோட்டர் சூடு.
மனேச்சர் அன்றே கொழும்புக்கு அடித்து
புதுப் பெயாரிங் எடுப்பித்தார்.
பெட்டி பிரிக்காமல்
இன்னும் என் மேசைக்குக் கீழே கிடக்கிறது.
கால் நீட்ட வசதி.