ஐம்பத்து மூன்றாம் கதவு

ராணிப்பேட்டை சிப்காட், இரவு இரண்டு பத்து.
ஏசிக்குள்ளும் தோல் வாடை.
ஃபயர்வாலில் எல்லாக் கதவும் நான் அடைத்தவை,
ஒன்றைத் தவிர.

ஐம்பத்து மூன்று.
பெயர் சொல்லி விலாசம் கேட்கிற கதவு.
அதையும் சாத்தினால்
முதலாளிக்கு மெயில் வராது, எனக்குச் சம்பளம் வராது.

அதன் வழியாகத்தான்
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை
யாரோ விலாசம் கேட்கிறார்கள்.
பெயரா அது?
வாயில் நுழையாத அறுபது எழுத்து,
ஒருமுறை கேட்டது மறுமுறை இல்லை.
இப்படியொரு பெயரை எந்தத் தாயும் வைக்கமாட்டாள்.
விலாசம் கேட்பதுபோல் வந்து
மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

வேலூர்க் கோட்டைக்குள்ளிருந்து விரிஞ்சிபுரம் வரை
சுரங்கம் ஒன்று உண்டென்பார்கள்.
போய் வந்தவன் எவனையும் பார்த்ததில்லை.
இது இருக்கிறது.
பைட் கணக்கோடு இருக்கிறது.

பிரித்தேன்.
பூட்டுகூடப் போடவில்லை, பாவம்,
சும்மா துணி சுற்றியிருந்தது.
உள்ளே தேதி, மணி,
குரோமியம் ஆறு புள்ளி ஒன்பது.

அதிகாரிகள் பார்க்க வாசலில் மாட்டிய பலகையில்
அதே தேதி, அதே மணி,
ஒன்று புள்ளி ஆறு.

கிளம்பிய இடம்: கழிவுநீர் ஆய்வகம், இரண்டாவது கணினி.
குமுதவல்லி.
வாலாஜாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள்.
"இன்னா சார், நெட்டு ஸ்லோவா கீது"
என்று போன வாரம்தான் கேட்டாள்,
என் திரையையே பார்த்துக்கொண்டு.

ஜன்னலுக்கு அப்பால் பாலாறு.
மேலே மணல், லாரித் தடம், சீமைக்கருவேலம்.
அது எப்போதும் கீழேதான் ஓடியிருக்கிறது,
மணலைப் போர்த்திக்கொண்டு.
நாங்கள் விடுவதும்
அதே வழியில்தான் போகிறது
கேன் தண்ணீர் வாங்க முடியாத ஊர்களுக்கு.

மூடிவிட ஒரு வரி போதும்.
வீட்டுக் கடன் பதினாறு வருஷம் பாக்கி.
கர்சர் துடித்தது.
ஆறு மணிவரை துடித்தது.

ஷிஃப்ட் மாறும்போது டீக்கடையில்
கிளாஸைப் பார்த்துச் சொன்னேன்:
"பதினோரு நிமிஷம், பதினோரு நிமிஷம்னு
கடிகாரம் மாதிரி கேக்காதம்மா.
மனுசங்க அப்படிக் கேக்க மாட்டாங்க."

அவள் கையில் டீ ஆடை கட்டிவிட்டது.

நேற்று இரவு:
ஏழு நிமிடம். இருபத்து மூன்று. பத்து. நாற்பது.
இந்தமுறை பூட்டும் இருந்தது.
உள்ளே என்ன எண்ணென்று இனி எனக்கும் தெரியாது.

'வழக்கமான போக்குவரத்து' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.