நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள்

நாயிஃப், நான்காம் மாடி, கதவு 407.
லிஃப்டில் பழுதென்று தாள் ஒட்டியிருக்கிறது.
தட்டினால் முதலில் பேச்சு நிற்கும்,
பிறகு தொலைக்காட்சி.
அப்புறம்தான் கண்ணாடித் துளையில் யாரோ ஒருத்தி.

விசா பார்க்க வரவில்லை,
பெயர்கூட எழுதமாட்டேன், எண்ணிக்கை மட்டும்
என்கிறேன்
எனக்கும் அவர்களுக்கும் இரவலான ஆங்கிலத்தில்.
கதவு சங்கிலி அளவுக்குத் திறந்து
என் செருப்பைப் பார்க்கிறது.
இத்தனை தேய்ந்த செருப்பில் அதிகாரிகள் வருவதில்லை.
உள்ளே விட்டார்கள்.

ஈரடுக்குக் கட்டில்கள் நான்கு. ஆளுக்கொரு திரைச்சீலை.
ஏசிக்குக் கீழே வாளி சொட்டு வாங்குகிறது.
கெமிகிஷா சோளமாவு கிளறிக்கொண்டே பதில் சொல்கிறாள்,
கை நின்றால் கட்டி தட்டிவிடுமாம்.

குடும்பத் தலைவர் யார்?
ஞாயிறு, எல்லோரும் இருந்தார்கள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
வாடகைச் சீட்டு என் பெயரில், என்னை எழுதிக்கொள்
என்றாள் நல்வோகா,
நகைக்கடை இரவுக் காவலின் காலுறையைக்
கழற்றாமலே.
தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு?
பட்டியலில் மனைவி உண்டு, மகன் உண்டு, பணியாள் உண்டு.
தலை பின்னிவிடுகிறவள் இல்லை.
டிக்கெட்டுக்குக் கடன் கொடுத்தவள் இல்லை.
'பிற' என்று ஆறு முறை தொட்டேன்.

மொத்தம் எத்தனை பேர்?
எட்டு.
எண்ணினேன், ஏழு.
எட்டு என்றாள் கெமிகிஷா, திரும்பாமல்.

ஜன்னலோர மேல்கட்டிலின் திரையை
நல்வோகா விலக்கிக் காட்டினாள்.
மடித்த போர்வை. எதிலும் மாட்டாத சார்ஜர் ஒயர்.
அபியோ.
அல் ஐன் பக்கம் வீட்டு வேலைக்குப் போனவள்,
பதினோரு நாளாய் போன் அணைந்திருக்கிறது.
இரட்டையரில் முதலில் வந்தவளுக்கு இடும் பெயராம் அது.
அடுத்து வந்தவள் கம்பாலாவிலிருந்து தினமும் அழைக்கிறாள்,
இவர்கள் முறைவைத்து எடுக்கிறார்கள்.
கட்டில் வாடகையை ஏழாகப் பிரித்துக் கட்டுகிறார்கள்.
"வேறு ஆள் வைத்தால்
நாங்களே முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடாதா?"

எட்டு என்று பதிந்தேன்.
டேப்லெட் உடனே கேட்டது:
எட்டாம் நபர் நேற்றிரவு இங்கே உறங்கினாரா?
ஆம்.
இல்லை.
பதிலளிக்க மறுத்தார்.
தெரியவில்லை என்றொரு கட்டம்
அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மாவு கிளறும் சத்தம் நின்றிருந்தது.
மூன்றாவதைத் தொட்டேன்.
எங்கிருந்தாலும் அவள்
எதையாவது மறுத்துக்கொண்டிருக்கட்டும்.

கட்டி தட்டிய களியில் ஒரு கிண்ணம் தந்தார்கள்.
விதிப்படி வாங்கக் கூடாது. நின்றபடியே சாப்பிட்டேன்.

408-இல் யாரும் திறக்கவில்லை.